கடையாணியும் காதும்

மெட்டல் டிடெக்டரில் தரையை ஒட்டி ஆடும் வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. செப்புக்கம்பிச் சுருள் அதற்குள்தான் அடங்கியிருக்கும். தட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் காதுகள் நிற்கும். அவற்றுக்கு நடுவே தண்டின் நுனியைச் செருகி, இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து, நைலான் போல்ட்டால் முடுக்குவார்கள். போல்ட்டைக் கொஞ்சம் அதிகமாக முடுக்கினாலும், அறுவடை முடிந்த வயலின் கட்டைத்தாளில் தட்டு சிக்கினாலும் காது முறிந்துவிடும். சுருளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மின்சுற்றும் சரியாகவே இருக்கும். இருந்தும் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் போனதற்காக முழுத் தட்டையும் புதிதாக வாங்கச் சொல்வார்கள். இதை மட்டமான தயாரிப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நல்ல கம்பெனிக் கருவிகளிலும் காது இப்படித்தான் தட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தை யார் கழற்றலாம், யார் மாற்றலாம் என்று பொருளைச் செய்பவர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார். வலிமைக் கணக்கோடு உரிமைக் கணக்கும் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும் அவற்றை ஒட்டிய கரையிலும் புழங்கிய பொருள்களை வரிசையாகப் பார்த்தால் இந்த உரிமை கைமாறிய கதை தெரியும்.

பாகூர் நெல் விளையும் பூமி. தென்பெண்ணையின் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வந்து வயல்களுக்குப் பிரியும். அந்த நெல்லைச் சுமந்த மாட்டுவண்டியில் விலை கூடிய உறுப்பு சக்கரம். குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் சூடேற்றி இறுக்கிய இரும்புப் பட்டா என்று தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்தால்தான் ஒரு சக்கரம் ஆகும். அதை அச்சிலிருந்து கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. அதைத் தட்டிக் கழற்ற ஒரு சுத்தியல் போதும், தேய்ந்தால் ஊர்ப் பட்டறையிலேயே வேறொன்று அடித்துக்கொள்ளலாம், வழியில் தொலைந்தால் கிடைத்த கம்பியைச் செருகிக்கொண்டு வீடு வந்து சேரலாம். சக்கரத்துக்கு ஆன உழைப்பில் நூற்றில் ஒரு பங்குகூட ஆணிக்கு ஆகாது. விலை கூடியதையும் விலை குறைந்ததையும் ஒரே உடலாக ஆக்காமல் பிரித்து வைத்ததுதான் இதில் உள்ள அறிவு. கலப்பையிலும் அதே கணக்குத்தான். கொழுவை இறுக்குவது மர ஆப்பு. அதைத் தட்டியும் தளர்த்தியும் உழுகிறவர் தன் கையாலேயே சரிசெய்துகொள்வார். நுகத்தடியில் மாட்டைப் பூட்டும் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட முடியும்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்தார். அந்த வழக்கம் தொடர்ந்து, இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறார்கள். செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் வடத்தைத்தான் படம் போடுகின்றன. கைவினையில் ஆர்வமுள்ளவர் பார்க்க வேண்டியது தேர் கட்டும் வேலையை. தமிழ்நாட்டுத் தேர்களில் சிற்பம் செதுக்கிய அடிப்பீடம் பல தலைமுறைக்கு நிற்கும். அதற்கு மேலே எழும் கோபுர வடிவம் ஆண்டுதோறும் கம்பும் கயிறும் துணியுமாகக் கட்டி அவிழ்ப்பது. நிலைத்து நிற்க வேண்டியதை மரத்தில் செதுக்கினார்கள், மாறக்கூடியதைக் கயிற்றில் கட்டினார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடத்தை ஆளுநர் பிடிக்கலாம், ஆனால் தேர் எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது.

கடற்கரைக்கு வந்தால் சான்று இன்னும் வலுக்கிறது, ஏனெனில் அங்கே இணைப்பில் இரும்பே கிடையாது. புதுச்சேரியில் 1866இல் இரும்புப் பாலம் திறக்கப்படும் வரை கரையில் கப்பல் அணையும் வசதி இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும், ஆளையும் சரக்கையும் அலையைக் கடந்து கொண்டுவந்தவை சலங்குகள். பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லையே தங்கள் நாக்குக்கு ஏற்பத் திருத்தி வைத்துக்கொண்டார்கள். சலங்கின் பலகைகளைத் தேங்காய் நாரில் திரித்த கயிற்றால் தைத்தார்கள், ஆணி அடிக்கவில்லை. காரணம் அலை. மடக்கு அலையில் ஏறி மணலில் மோதி இறங்கும் படகின் பலகை ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் வளைந்தாக வேண்டும். ஆணி அடித்த பலகை வளையப் பார்த்தால் ஆணித்துளையிலிருந்தே பிளக்கும், தைத்த பலகை நெகிழ்ந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். நார் நைந்தால் தையலைப் பிரித்து மீண்டும் தைப்பார்கள், பலகை அப்படியே மறுபடி பயன்படும். கட்டுமரம் இதைவிட ஒரு படி மேல். கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைக் கரையில் உலரப் போட்டு, மறுபடி போகும்போது கட்டிக்கொள்வார்கள். இணைப்பை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகப் போட்ட கலம் அது. பாகூர் கொம்யூனின் மூர்த்திக்குப்பம், பனித்திட்டு போன்ற மீனவ ஊர்களின் பாட்டன்மாருக்குக் கடல் என்றால் கயிறும் முடிச்சும்தான்.

இதெல்லாம் எளிய மக்களின் பொருள்கள், இவற்றைக் கழற்ற முடிந்ததில் வியப்பு என்ன என்று கேட்கலாம். கழற்றவே கூடாது என்று செய்த பொருளும் இதே மண்ணிலிருந்து கிடைத்திருக்கிறது. 1879இல் பாகூர் அருகே ஐந்து செப்பேடுகள் வெளிப்பட்டன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் விடப்பட்டதை வடமொழியிலும் தமிழிலும் சொல்கின்றன. செப்பேடு என்பது தகடு மட்டும் அன்று. ஒவ்வொரு தகட்டிலும் துளையிட்டு, எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளையும் அரச முத்திரைக்குள் வைத்துப் பற்றவைத்துவிடுவது மரபு. ஒரு தகட்டை உருவிவிட்டு வேறொன்றைச் செருக வேண்டுமானால் வளையத்தை அறுத்தாக வேண்டும், அறுத்தால் அறுத்த தடம் தெரிந்துவிடும். அதனால்தான் கல்வெட்டு அறிஞர்கள் ஒரு செப்பேட்டைப் பதிப்பிக்கும்போது, தம் கைக்கு வந்த நேரத்தில் வளையம் அறுபட்டிருந்ததா இல்லையா என்பதை மறக்காமல் குறிப்பார்கள். எழுத்தைவிட அந்த வளையம்தான் முதல் சாட்சி. வண்டிக்காரனின் ஆணியும் அரசனின் வளையமும் ஒரே வேலையைச் செய்கின்றன: துளை வழியே போய் இரண்டை ஒன்றாக வைத்திருக்கின்றன. முதலாவதை எவரும் திறக்கலாம், இரண்டாவதை எவரும் திறக்கக் கூடாது. நிலக்கொடை திருத்தப்படக் கூடாது என்பதால் அப்படிச் செய்தார்கள், அதற்குத் தக்க காரணம் இருந்தது.

செப்பேட்டு வளையத்துக்கு முந்திய காதுகளும் இங்கே உண்டு. வில்லியனூருக்குக் கிழக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. பின்னர் நடந்த ஆய்வுகளில் அவற்றுள் கோஸ் தீவு வகைச் சாடிகளும் அடையாளம் காணப்பட்டன. இரண்டு மண் உருளைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்த அவற்றின் இரட்டைக் காது அடையாளத்துக்குப் பெரிதும் உதவியது. சாடி நொறுங்கிப்போக, காது அகழ்வாய்வாளர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மட்பாண்டத்தில் காதைத் தனியே உருட்டி, ஈர உடலில் குழைத்த களிமண் பூசி ஒட்டி, பிறகு சுடுகிறார்கள். சூளைக்குள் போகும் வரை அது இணைப்பு, வெளியே வந்தபின் ஒரே உடல். சுட்டபின் முறிந்தால் குயவராலும் திரும்ப ஒட்ட முடியாது. சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில் இதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆக, ஒரே உடலாக வார்த்த காது புதிய பாவம் அல்ல. பானையின் விலை பானை அளவே இருந்ததால் அது யாரையும் உறுத்தவில்லை.

உறுத்தத் தொடங்கியது வாளியில். இரும்பு வாளியின் காது தனித் தகடு. ரிவிட் அடித்து உடலோடு சேர்த்திருப்பார்கள். தளர்ந்தால் பழைய ரிவிட்டை வெட்டிவிட்டுப் புதியதை அடித்துத் தருவார் பாத்திரம் அடைப்பவர். பிளாஸ்டிக் வாளியில் காதும் உடலும் ஒரே அச்சில் வருகின்றன, காது கிழிந்தால் கைப்பிடி மாட்ட இடமே இல்லை. அப்படியும் நம் ஊர்க்காரர்கள் விடவில்லை. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வேறொரு பிளாஸ்டிக் துண்டை உருக்கி ஒட்டும் தொழில் தெருத்தெருவாக வந்தது. குடமும் வாளியும் சூட்டுக்கு இளகும் பிளாஸ்டிக் என்பதால் அது பலித்தது. வாளியின் விலை ஏறியதைவிட ஒட்டுகிறவரின் நாட்கூலி வேகமாக ஏறியபோது அந்தத் தொழில் மெலிந்துபோனது.

டிடெக்டரின் காதில் ரிவிட் வைத்தியம் தடுமாறும். முறிந்த இடத்தில் இரும்புப் பட்டை வைத்து ரிவிட் அடித்தால் கருவி முதலில் அந்தப் பட்டையைத்தான் கண்டுபிடிக்கும். இந்தத் தொல்லை கருவி பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்தூண்டல் கருவியோடு வந்தார். குண்டு அகப்படவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியது அதற்கு ஒரு காரணம் என்று பின்னால் சொல்லப்பட்டது. அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் சிறு உலோகத்தைக் கருவி ஓரளவு கழித்துக்கொள்ளும், ஆனால் பட்டை தளர்ந்து ஆட ஆரம்பித்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் பொய்க்குரல் எழும். நைலான் போல்ட் வைத்ததற்குக் காரணம் இதுதான். சலங்கு தைத்தவருக்கு அலை இரும்பை மறுத்தது, இங்கே காந்தப்புலம் மறுக்கிறது. கொல்லர் கைக்கு எட்டாத இணைப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல, ஆனால் இம்முறை அதை நாரால் தைக்கவும் வழியில்லை.

வழியே இல்லை என்று சொல்லவும் முடியாது. பல தட்டுகளின் ஓடு ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது அசிட்டோனில் கரையும். அதே வகைப் பிளாஸ்டிக் தூளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி, முறிந்த முகங்களில் பூசி அழுத்தி வைத்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து இறுகும். குயவர் ஈரமண்ணில் செய்வதைச் சுட்டபின்னும் செய்யக் கிடைத்த வாய்ப்பு இது. ஆனால் பழைய விரிசலை மட்டும் ஒட்டினால் போதாது, தண்டு ஆடும்போது வரும் நெம்பு விசை மறுபடி அதே கோட்டில்தான் விழும். காதின் அடியைச் சொரசொரப்பாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் நனைத்து, தட்டின் முதுகு வரை பரவலாகப் படியவைக்க வேண்டும். கார்பன் இழை இன்னும் உறுதியானது என்று ஆசைப்படக் கூடாது, அது மின்சாரம் கடத்தும். துளை போட்டுத் திருகு இறக்குவதிலும் ஆபத்து உண்டு. இரண்டு சுருள்கள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படியும் வகைத் தட்டில் கம்பிகள் நடுமுதுகின் வழியாகவே ஓடும், காதும் அங்கேதான் நிற்கும். இறுகும் வரை காதுகளுக்கு இடையே தண்டின் கனத்துக்கு ஒரு மரத்துண்டை வைத்திருந்தால் இடைவெளி சுருங்காது.

இந்த வேலைக்குக் கைதேர்ந்தவர்கள் பாகூர்க் கரையிலேயே இருக்கிறார்கள் என்பது வரலாற்றின் குறும்பு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுகிலும் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு வேகமாகப் பிடித்தது. கயிறும் முடிச்சும் பழகிய ஊர்களில் ரெசினும் ஹார்டனரும் இழைப்பாயும் வந்து சேர்ந்தன. மோதி உடைந்த படகைத் தேய்த்து, பாய் வைத்து, ரெசின் பூசி, மறுபடி கடலுக்கு அனுப்பத் தெரிந்தவர்கள் உருவானார்கள். ஃபைபர் படகும் ஒரே உடலாக வார்த்ததுதான், ஆனால் அதன் பொருள்கள் கடையில் கிடைக்கின்றன, செய்முறை ஒளிக்கப்படவில்லை, உடைந்த இடத்தில் மேலும் ஒரு அடுக்கு போடலாம். ஒரே உடல் என்பதாலேயே ஒரு பொருள் பழுதுபார்க்க முடியாததாகிவிடாது என்று படகு காட்டுகிறது. அப்படியானால் குற்றம் வார்ப்பில் இல்லை. காது முறியும் என்று தெரிந்தும் அதற்கு மாற்று வைக்காத முடிவில் இருக்கிறது.

மறுப்புகள் உண்டு, வலுவானவையும் உண்டு. பழைய இணைப்புகள் சுலபமாகத் திருத்தப்பட்டதற்குக் காரணம் அவற்றின் அறிவு அல்ல, கூலியின் மலிவு என்பார்கள். இதில் பாதிக்கு மேல் உண்மை. களத்துமேட்டில் அளக்கும் நெல்லுக்கு ஆண்டு முழுதும் ஊருக்கு வேலை செய்யக் கொல்லரும் தச்சரும் கட்டுப்பட்டிருந்தார்கள். பிறப்பு விதித்த தொழில் அது, மறுத்துப் போக இடமில்லை. கடையாணியைப் புகழும்போது அதை அடித்துக் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதை மறைத்தால் அது வரலாறு ஆகாது. ஆனால் இந்த வாதம் பட்டறைக்குப் பொருந்தும் அளவுக்கு இணைப்புக்குப் பொருந்தாது. தன் ஆப்பைத் தானே தட்டிய உழவருக்கும் தன் கட்டுமரத்தைத் தானே கட்டிய மீனவருக்கும் இன்னொருவரின் மலிந்த கூலி தேவைப்படவில்லை. சலங்கு ஓயாமல் ஒழுகியது, அதில் தண்ணீர் இறைப்பதே ஒரு வேலை, நெகிழ்ந்த இணைப்புக்கு அந்த விலை உண்டு என்பது இன்னொரு மறுப்பு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். டிடெக்டர் தட்டு சேற்றிலும் உப்புநீரிலும் போகிறது, நீர் புகாத ஒரே ஓடு அதற்கு வேண்டும். ஆனால் நீர் புகக் கூடாதது சுருள் இருக்கும் அறைக்குள். காது அந்த அறைக்கு வெளியே நிற்கிறது. அதைத் தனி உறுப்பாகச் செய்து, முதுகில் வார்த்த பள்ளத்தில் செருகிப் பூட்டினால் ஒரு துளி நீரும் உள்ளே போகாது. அப்படிச் செய்ய அச்சு கொஞ்சம் கூடுதல் விலையாகும். அந்தச் செலவைத் தயாரிப்பாளர் தன்னிடமிருந்து வாங்குபவரிடம் தள்ளிவிடுகிறார், அவ்வளவுதான்.

செப்பேட்டு வளையத்தை எனக்கு எதிராகவே திருப்புவோரும் இருப்பார்கள்: நம்பகம் வேண்டிய இடத்தில் மூடிய இணைப்புத்தானே சரி? மின்சார மீட்டரின் முத்திரைக்கு அது சரி, எடைக்கல்லின் முத்திரைக்கும் சரி. அங்கே திறப்பவர் மூன்றாம் ஆளை ஏமாற்ற முடியும். தன் பணத்தில் வாங்கிய கருவியின் காதை மாற்றுகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? அரசனின் முத்திரைக்குரிய கண்டிப்பை வண்டிக்காரனின் பொருளில் வைத்துவிட்டார்கள் என்பதே என் குறை.

இக்காலப் பொறியியலில் இந்தப் பேச்சு செல்லாது என்பவருக்கு அடிபம்பைக் காட்டலாம். 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவான இந்தியா மார்க் 2 பம்பு உறுதியானது, ஆனால் ஆழத்தில் உள்ள தோல் வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு ஆட்களும் கனத்த கருவிகளும் வண்டியும் வர வேண்டும், வரும் வரை ஊர் தாகத்தோடு காத்திருக்க வேண்டும். 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் நடந்த களச் சோதனைகளில் இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்: ஊரார் தாமே வாஷரை மாற்ற என்ன செய்யலாம்? அதிலிருந்து வந்த மார்க் 3 பம்பில் நிலத்தடிக் குழாயை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் அதன் வழியே மேலே இழுக்கும்படி செய்தார்கள். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பரும் வந்தது. பம்பின் மற்ற வேலை மாறவில்லை, இணைப்பைத் திறக்கும் உரிமை மட்டும் வண்டியில் வருகிறவரிடமிருந்து ஊராருக்கு மாறியது. இந்தியத் தர நிர்ணயத்தில் பம்பின் அளவுகள் வெளியிடப்பட்டதால் எந்தப் பட்டறையும் உதிரி செய்ய முடிந்தது.

2022இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு இணையதளமும் திறந்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். டிடெக்டர் இவற்றுள் எதிலும் நேராக வராது. இந்தியாவில் அது பெரும்பாலும் காவல்துறையின் வெடிகுண்டு தேடும் பிரிவிலும் ஆய்வாளர் கையிலும் இருக்கும் பொருள். அதை வைத்துக்கொண்டு புதையல் தேடக் கிளம்பினால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே நிற்கும். பாகூர்ச் செப்பேடு கிடைத்தபோது அந்த 1878 சட்டம் நடப்பில்தான் இருந்தது, ஆனால் எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் பக்கத்தில். இப்போது கேட்க வேண்டியது சட்டத்தைவிடச் சிறியது. துளையின் விட்டம், இரண்டு காதுகளுக்கு இடையிலான தூரம், வாஷரின் கனம் என்ற மூன்று அளவுகளையும் பிளாஸ்டிக்கின் வகைப்பெயரையும் தயாரிப்பாளர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டால் போதும். மிச்சத்தை வில்லியனூரில் ஒரு லேத் பட்டறையோ, முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருக்கும் ஒரு பாலிடெக்னிக் மாணவரோ, பனித்திட்டில் படகு ஒட்டுகிறவரோ பார்த்துக்கொள்வார்கள்.